தகரத்துக்குள் இருந்த பணிஸ்



இந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சேமிப்பு, காணி உறுதி, பிள்ளைகளின் படிப்பு என்று எழுதுகிற நான் இம்முறை உங்கள் அடுப்படிக்குள் வருகிறேன். காய்ந்துபோன சீனிப் பணிசை முட்டையில் தோய்த்துப் பொரிப்பது பற்றித்தான் எழுதப் போகிறேன். இதற்கு ஒரு பக்கம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். நாயாற்றில் ஓர் அக்காவின் வீட்டில் நான் செய்த பிழையைச் சொன்னால் ஏன் எழுதுகிறேன் என்பது விளங்கும். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பின்தான் எழுதுகிறேன். பெயரும் வீட்டின் அடையாளமும் வேண்டாம் என்றார். ஆகவே இங்கே அவர் அக்கா மட்டுமே.

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் வீதியில் அளம்பில், செம்மலை தாண்டினால் நாயாறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. அக்காவின் கணவர் 2009 இல் முள்ளிவாய்க்காலில் இறந்துவிட்டார். மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய முன் பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வருவாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அக்காதான் பார்க்கிறார். களப்பில் இறால் படுகிற காலத்தில் இறால் துப்பரவாக்கும் வேலைக்கும் போவார்.

பணிஸ் அங்கே பாண்கார ஓட்டோவில் வரும். அந்தப் பாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். பீத்தோவன் என்ற ஜேர்மன் இசைமேதை 1810 ஆம் ஆண்டு பியானோவுக்கு எழுதிய இசை அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கோ அது ‘பாண் பாட்டு’. பாட்டுக் கேட்டதும் பிள்ளைகள் படலைக்கு ஓடுவார்கள். ஓட்டோவின் கண்ணாடிக்குப் பின்னால் சீனிப் பணிஸ், கிறீம் பணிஸ், பிளம்ஸ் வைத்த பணிஸ், மேலே சீனி தூவிய நீட்டுப் பணிஸ் எல்லாம் அடுக்கியிருக்கும். அந்த நீட்டுப் பணிசைச் சிங்களத்தில் ‘கிம்புலா’ என்பார்கள். முதலை என்று பொருள். நாங்கள் கொம்புப் பணிஸ் என்போம்.

அக்கா இரண்டு வாங்க வேண்டிய இடத்தில் ஐந்து வாங்குவார். மிச்சத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, மூடியுள்ள பெரிய பிஸ்கற் தகரத்துக்குள் வைப்பார். நாலு நாள், ஐந்து நாள், சில வேளை அதற்கும் மேலே அவை அங்கேயே கிடக்கும். ஒரு நாள் சின்னப்பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டுப் போனேன். தகரத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு பணிசில் பச்சையாகப் பூஞ்சணம். “அக்கா, இதையெல்லாம் எறியுங்கோ. பிள்ளைக்குக் கூடாது எண்டு தெரியாதே?” என்று சொல்லிவிட்டு நானே எடுத்துக் கொண்டுபோய்க் குப்பைக் கிடங்கில் போட்டேன். பூஞ்சணம் பிடித்த இரண்டோடு, நல்லாயிருந்த மூன்றையும் சேர்த்துத்தான் போட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போனபோது படலை கட்டியிருந்தது. வீட்டுக்குள் ஆள் இருக்கிற சத்தம் கேட்டது. மூன்றாம் முறை, பக்கத்து வீட்டு ஆச்சி என்னைத் திண்ணையில் இருத்தி, “அவள் சாப்பாட்டுச் சாமானை எறிய விடமாட்டாள் பிள்ளை. நீர் எறிஞ்சு போட்டீராம்” என்றார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து வெளியேறியவள் நான். பசியின் சமூகவியல் பற்றிக் கட்டுரையும் எழுதியிருக்கிறேன். ஆச்சி சொன்ன பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

பிறகு அக்காவே சொன்னார். 2008 இல் நாயாற்றை விட்டு வெளிக்கிட்டு, இடம் இடமாக மாறி, கடைசியில் முள்ளிவாய்க்கால். அங்கே கஞ்சிதான் சாப்பாடு. பாண் என்ற பேச்சே இல்லை. வெளியே வந்த நாளில் யாரோ ஒருவர் கையில் ஒரு பணிஸ் தந்தார். அதை மகளுக்குப் பாதி கொடுத்து, மிச்சப் பாதியைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தாராம். செட்டிகுளம் முகாமுக்குப் போய் இரண்டு நாளான பிறகும் அந்தப் பாதி அவரிடம் இருந்தது. “கல்லுப்போல வந்திட்டுது. ஆனா எறியக் கை வரேல்ல பிள்ளை. நாளைக்கு இல்லாமப் போனா என்ன செய்யிறது?”

இது அந்த ஒரு அக்காவுக்கு மட்டும் உள்ளதல்ல. உங்களில் எத்தனை பேர் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு சுண்டு அரிசியை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள்? எத்தனை பேர் வெளியே போகும்போது பைக்குள் ஒரு பிஸ்கற் பக்கற் இல்லாமல் போவதில்லை? நானும் போவதில்லை. இதற்கு மூளைக் கோளாறு என்றோ கஞ்சத்தனம் என்றோ பெயர் வைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944 - 45 இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. போரினால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மீண்டும் உணவு கொடுப்பது என்று அறிவதற்காக, 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து ஏறக்குறைய ஆறு மாதம் அரை வயிற்றோடு இருந்தார்கள். அவர்களிற் சிலர் என்ன செய்யத் தொடங்கினார்கள் தெரியுமா? சமையற் புத்தகங்களையும் அடுப்படிச் சாமான்களையும் வாங்கிச் சேர்த்தார்கள். முன்பு சமையலில் எந்த ஆர்வமும் இல்லாத ஆண்கள். அவர்களுக்குச் சுற்றிவரப் போர் இல்லை, ஷெல் இல்லை, பரிசோதனை எப்போது முடியும் என்றும் தெரியும். அப்படியிருந்தும் அவர்களுக்கே அந்த நிலை என்றால், எந்தத் தேதியும் தெரியாமல் பசியிருந்த எங்கள் அக்கா தகரத்தில் பணிஸ் சேர்ப்பதில் என்ன அதிசயம்?

2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நின்றபோது அக்கா சொன்னாராம், “இப்ப எல்லாரும் என்னைப்போல” என்று. அடுத்த வருடம் முட்டையைக்கூட இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவர வேண்டி வந்தது.

சேர்ப்பது பிழையில்லை, பூஞ்சணம் பிடிக்க விடுவதுதான் ஆபத்து. அப்படியானால் பூஞ்சணம் வருவதற்கு முன் அந்தப் பணிசைச் சாப்பாடாக்க வேண்டும். எறியச் சொல்லுகிற வாய், என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டுமல்லவா? எனக்கு அம்மா சின்ன வயதில் செய்து தந்த பொம்பாய் ரோஸ்ற் ஞாபகம் வந்தது. பாணை முட்டையிலும் பாலிலும் தோய்த்துப் பொரிப்பது. இலங்கையில் பலர் அதை அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த முறை பையில் ஆறு முட்டையோடு போனேன்.

அங்கேயும் முதலில் நான்தான் பிழை விட்டேன். பாண் துண்டைப்போலவே பணிசையும் முட்டைக் கலவைக்குள் போட்டு ஊறவிட்டேன். பாண் தாங்கும், பணிஸ் தாங்காது. பணிசில் சீனியும் கொழுப்பும் கூட, உள்ளே பஞ்சுபோல இருக்கும். கலவையைக் குடித்துப் பாத்திரத்துக்குள்ளேயே களியாகிவிட்டது. அக்கா முதற்தடவையாகச் சிரித்தார். களியை வீணாக்கவில்லை. தோசைக்கல்லில் கரண்டியால் ஊற்றித் தட்டையாகத் தட்டி, ரொட்டிபோல இரண்டு பக்கமும் சுட்டு எடுத்தார். பிள்ளைகள் அதையும் சாப்பிட்டார்கள். பிறகு மிச்சப் பணிசை அவர் தன் கையில் எடுத்துக்கொண்டார். கீழே நான் எழுதுகிற முறையில் பாதி அவருடையது.

பணிஸ் ஒரு நாள், இரண்டு நாள் பழையதாக இருந்தால்தான் நல்லது. அன்று வந்த பணிஸ் இதற்குச் சரிவராது. அதை அப்படியே சாப்பிடுங்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பாருங்கள், மணந்தும் பாருங்கள். ஓரிடத்தில் என்றாலும் பூஞ்சணம் இருந்தால் முழுப் பணிசும் போக வேண்டும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதாதா என்று அக்கா கேட்டார். போதாது. கண்ணுக்குத் தெரிகிற பச்சைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத நூல்கள் மெதுவான பணிசுக்குள் நெடுக ஓடியிருக்கும். பொரித்தாலும் அதன் நஞ்சு முழுதாகப் போகாது. கோழிக்கும் போட வேண்டாம்.

நாலு பணிசுக்கு இரண்டு முட்டை. முட்டையைத் தனியாக ஒரு கோப்பைக்குள் உடைத்துப் பார்த்துவிட்டுக் கலவைப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஒரு கூழ்முட்டை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இரண்டு மேசைக்கரண்டி பால்மாவை அரைத் தேநீர்க்கோப்பை இளஞ்சூட்டு நீரில் கரைத்து, ஆறிய பின் முட்டையோடு சேர்த்து அடியுங்கள். பால்மா விலைக்கு வாங்க ஏலாத வீட்டில் தேங்காயின் முதற்பால் அரைக் கோப்பை. உண்மையைச் சொன்னால் எனக்குத் தேங்காய்ப்பால் போட்டதுதான் பிடிக்கும். ஒரு சிட்டிகை உப்பு, இடித்த ஏலக்காய் இரண்டு. ஏலக்காய் இல்லாவிட்டால் கறுவாத்தூள் கொஞ்சம். சீனி போடவே வேண்டாம். பணிசிலேயே சீனி இருக்கிறது. கலவையிலும் போட்டால் உள்ளே வேக முன் வெளியே கரிந்துவிடும்.

பணிசின் மேலே தூவியிருக்கும் சீனியை ஒரு தட்டில் தட்டி எடுத்து வையுங்கள். கிறீம் பணிஸ் என்றால் கிறீமை வழித்துவிடுங்கள். பழைய கிறீமை வைத்துக்கொள்ள வேண்டாம். பணிசைக் குறுக்கே இரண்டாகப் பிளவுங்கள். பிளம்ஸ் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் உள்ளே அமத்திவிடுங்கள், அது கல்லில் பட்டால் கருகிக் கசக்கும். வெட்டிய பக்கத்தைக் கலவையில் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணுங்கள். திருப்பி மற்றப் பக்கத்துக்கு மூன்று எண்ணினால் போதும். கல்லுப்போல நன்றாகக் காய்ந்த பணிஸ் என்றால் பத்து மட்டும் எண்ணலாம். கையால் எடுக்காமல் ஓட்டைக் கரண்டியால் எடுத்து, மிச்சத்தை வடிய விட்டு, கல்லில் வையுங்கள்.

நெருப்புத்தான் இதில் முக்கியம். விறகடுப்பில் நெருப்பு எரியும்போது பணிசைப் போட வேண்டாம். விறகை வெளியே இழுத்துவிட்டு, தணலில் கல்லை வையுங்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் அல்லது மாஜரின் தடவுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம். பொன்னிறமாக வந்ததும் திருப்புங்கள். நடுவில் விரலால் அமத்தினால் ஈரம் கசியக்கூடாது, முட்டை உள்ளே முழுதாக வெந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதில் கவனம். தட்டி வைத்த சீனியை இறக்கிய பிறகு தூவுங்கள்.

வெள்ளிக்கிழமையும் விரத நாளும் என்ன செய்வது என்று அக்கா கேட்டார். முட்டைக்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி கடலை மாவைத் தேங்காய்ப்பாலில் கட்டியில்லாமல் கரைத்துத் தோய்க்கலாம். ருசி வேறு. பஜ்ஜிக்கும் பணிசுக்கும் நடுவில் ஏதோ ஒன்று போல இருக்கும். ஆனால் அதிலும் புரதம் உண்டு.

இப்போது முட்டையைப் பற்றி. வாழ்வாதார உதவியாகக் கோழிகள் கிடைத்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். முட்டை இடுகிறதா என்று கேட்டால் இடுகிறது என்பார்கள். பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்று கேட்டால் நிலத்தைப் பார்ப்பார்கள். எல்லாம் கடைக்குப் போகிறது. அந்தக் காசு கடன்காரனுக்குப் போகிறது. பிள்ளை ஒரு பணிசும் வெறுந்தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். கோதுமை மாவும் சீனியும் மட்டும் உள்ள பணிஸ் பசியை ஒரு மணித்தியாலம் அடக்கும். பத்து மணிக்குப் பிள்ளை மேசையில் தலையை வைத்துவிடுவான். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. முழு முட்டையாக அவித்துக் கொடுக்க வசதியில்லாத வீட்டில், இரண்டு முட்டை நாலு பேருக்கும் போய்ச் சேருவதற்கு இந்தத் தோய்த்துப் பொரிக்கும் முறையை விடச் சுகமான வழி எனக்குத் தெரியாது. வாரத்தில் எட்டு முட்டை விற்கிறீர்கள் என்றால் ஆறை விற்றுவிட்டு இரண்டை வைத்திருங்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள். தேயிலையில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் மறிக்கும். இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்.

நாலு பேருக்கும் என்று எழுதினேன். அக்காவின் வீட்டில் அன்று எட்டுத் துண்டு வந்தது. பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு மூன்று, மகளுக்கு மூடி வைத்தது இரண்டு. உங்களுக்கு எங்கே என்றேன். “நான் பிறகு பாப்பன்” என்றார். இந்த வசனத்தை நான் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்!

இந்தச் சாப்பாட்டுக்குப் பல நாட்டில் பல பெயர். பிரான்சில் இதற்கு ‘இழந்துபோன பாண்’ என்று பொருள்படும் பெயர். பழசாகி இனி உதவாது என்று நினைத்ததை மீட்டெடுத்தது என்ற கருத்து. போர்த்துக்கலில் உள்ள பெயர்களில் ஒன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஃபாத்தியாஸ் பாரிதாஸ்’ என்பார்கள். பிள்ளைப்பெற்றவளின் துண்டுகள் என்று சொல்லலாம். பிரசவித்த தாய்க்குத் தெம்பு வரவும் பால் சுரக்கவும் என்று அங்கே பழைய காலத்தில் இதைச் செய்து கொடுத்தார்கள். நாங்கள் பிள்ளைப்பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கொடுப்பதுபோல. பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து எங்களுக்கு வந்ததுதான். பாணைத் தந்தவர்கள் இந்தப் பழக்கத்தையும் தந்துவிட்டுப் போயிருக்கலாம்! அவர்கள் ஊரில் அந்தத் தட்டு முதலில் பெண்ணுக்குத்தான் போனது. இதை அக்காவுக்குச் சொன்னேன். “நான் பிள்ளை பெத்து முப்பது வருசம்” என்று சொல்லி, ஒரு துண்டை எடுத்தார்.

கோதுமை மா எங்கள் மண்ணில் விளைவதில்லை. நாயாற்றிலிருந்து கடற்கரையோடு தெற்கே கொக்கிளாய், புல்மோட்டை என்று போனால் திருகோணமலை. அங்கே துறைமுகத்தில் 1980 இல் தொடங்கிய பெரிய மா ஆலையில் வெளிநாட்டுக் கோதுமை அரைக்கப்படுகிறது. கடலுக்கு அப்பால் விலை ஏறினால் நாயாற்றுப் படலையில் பணிஸ் விலை ஏறும். ஆகவே எப்போதும் பணிசை நம்பச் சொல்லி நான் எழுதவில்லை. குரக்கன் ரொட்டியும் உழுத்தங்களியும் சத்துக் கூடியவை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பாண் பாட்டுக் கேட்டு ஓடுகிற பிள்ளையை மறிக்க எந்த அம்மம்மாவாலும் ஏலாது. வாங்கிய பணிசை வடிவாகப் பயன்படுத்துவதைப் பற்றித்தான் என் பேச்சு.

தகரத்தைப் பற்றி அக்காவும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தகரம் இருக்கும். பணிஸ் வைக்கலாம். ஆனால் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றுவதில்லை. உள்ளே வேர்த்து, அந்த ஈரத்தில்தான் பூஞ்சணம் கெதியாகப் பிடிக்கும், அதுவும் கடற்கரைக் காற்றில். சுத்தமான துணியில் சுற்றி வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளுக்கும் ஒன்று சொல்கிறேன்: அதன் கீழ்த்தட்டில் வைத்தால் பூஞ்சணம் பிந்தும், ஆனால் பணிஸ் வெளியில் இருப்பதைவிடக் கெதியாக இறுகிவிடும். பொரிப்பதற்கு என்றால் அது பரவாயில்லை. வாங்கிய கிழமையை ஒரு கடதாசித் துண்டில் எழுதித் துணிக்குள் வைக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை, என்ன இருந்தாலும் கல்லுக்குப் போக வேண்டும். மாரி மழையில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து பாண்காரர் வராத நாட்களுக்கு பிஸ்கற்றும் பொரிமாவும் வேறு பேணியில் சேர்த்து வைப்பது. அவை கெதியில் கெடாது. மனதுக்கும் ஆறுதல்.

மூத்தவன் இப்போது கடதாசி எழுதுகிறான். ‘செவ்வாய் 3’, ‘வியாழன் 2’ என்று கோணல் எழுத்தில்.

போன கிழமை போயிருந்தேன். எனக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு அக்கா தகரத்தைத் தானாகவே திறந்து காட்டினார். துணிக்குள் இரண்டு பணிஸ், கடதாசியில் முதல் நாளின் கிழமை. எல்லாம் ஒழுங்கு. மூடும்போது பார்த்தேன். தகரத்தின் மூலையில், வேறாக ஒரு சின்னத் துணி முடிச்சு. அதற்குள் பாதிப் பணிஸ் அளவில் ஏதோ இருந்தது. கடதாசி இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மூடியை அமத்தி மூடி, தகரத்தை முன்பிருந்த இடத்திலேயே வைத்தார்.